எந்நேரமும் வாக்கரில் உட்கார வைக்கும் டேகேர்

ஏழு மாதக் குழந்தையை, வாளையார் டேகேரில் எப்போது போனாலும் வாக்கரிலோ, பவுன்சர் என்ற சாய்ந்து ஆடும் குழந்தை இருக்கையிலோதான் பார்ப்பதாகவும், "சீக்கிரம் நடக்கும்" என்று அங்கிருக்கும் சேச்சி சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அப்படியெல்லாம் நடக்காதுங்க. வாக்கரால் நடை சீக்கிரம் வராது, விழுந்து அடிபடுவதுதான் மிச்சம். கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். எனக்கு அதைவிடப் பயம் பவுன்சர்தான். அதிலேயே தூங்கிவிட்டால் தலை சரிந்து, தாடை நெஞ்சில் முட்டி மூச்சு அடைபடலாம், அதனால் தூங்கியதும் தூக்கிச் சமமான, கெட்டியான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைக்கிறார்களா என்று பாருங்கள். சேச்சி பாசமானவராகவே இருக்கட்டும், அவர் ஒருவர் கையில் எத்தனை குழந்தைகள்? மதியம் சொல்லாமல் போய் நில்லுங்கள். பாய் விரித்துத் தரையில் விட்டு, பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருந்தால் சரி. உங்களை வாசலிலேயே நிறுத்திக் குழந்தையை வெளியே கொண்டுவந்து கொடுத்தால், பாலக்காடு டவுன் வரை அலைய வேண்டியிருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.