வாய்ப் புற்று, ஜீன் டெஸ்ட், வெற்றிலை: ஞாயிற்றுக்கிழமை கேள்வி பதில்

நான் மதுரையில் நோயியல் மருத்துவர். கட்டியிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. 22 வருஷமாகப் பார்த்ததில் தலை, கழுத்துப் புற்றுதான் அதிகம். கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன், காலையிலிருந்து குவிந்துவிட்டது. வந்த வரிசையிலேயே எழுதுகிறேன். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துப் போட்டு "எத்தனை நாள் இருப்பார்" என்று மட்டும் கேட்காதீர்கள். ஆளைப் பார்க்காமல் அதற்கு நான் வாய் திறக்க மாட்டேன்.

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி: "மேடம், அப்பாவுக்கு 58 வயது. கன்னத்தின் உள்பக்கம் புற்று. ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. ஜீன் எக்ஸ்பிரஷன் டெஸ்ட் எடுத்தால் எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துவிடும், ரிசல்ட் வர ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள். அதுவரை கரண்ட் வைப்பதைத் தள்ளிப்போடலாமா?"

தள்ளிப்போட வேண்டாம் தம்பி. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் ரேடியேஷன் தொடங்கிவிட வேண்டும். கத்தி வைத்த நாளிலிருந்து கடைசி கரண்ட் வரை மொத்தம் 11 வாரத்துக்குள் முடிவது நல்லது. வாரம் ஐந்து நாள் வீதம் 30 முதல் 33 தடவை வைப்பார்கள், அதற்கே ஆறு, ஆறரை வாரம் போய்விடும். மூன்று வாரம் ஏற்கெனவே ஓடிவிட்டது. இன்னும் ஒரு மாதம் காத்திருந்தால் ஏழு. அதோடு ஆறரையைச் சேர்த்தால் பதின்மூன்றரை வாரம். இடையில் விடும் ஒவ்வொரு நாளும் கட்டிக்குச் சாதகம்.

சரி, அந்த டெஸ்ட் எதைப் பார்க்கிறது? உடம்பின் எல்லாச் செல்லிலும் இருப்பது ஒரே ஜீன்கள்தான். எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். வீட்டு வயரிங்கையும் ஈபி மீட்டரையும் நினைத்துக்கொள்ளுங்கள். வயரிங் என்பது டிஎன்ஏ. மீட்டரில் ஓடும் யூனிட்தான் ஜீன் எக்ஸ்பிரஷன், ஜீன் வேலை செய்யும்போது உருவாகும் நகலான ஆர்என்ஏவை அளந்து அதைக் கண்டுபிடிக்கிறோம். 2015-ல் அமெரிக்காவில் 279 தலை, கழுத்துக் கட்டிகளின் ஜீன்களை முழுதாகப் படித்து வெளியிட்டார்கள். எச்பிவி வைரஸ் இல்லாத கட்டிகளில் 84 சதவீதத்தில், கெட்டுப்போன செல்லைச் சாகவைக்கும் பி53 ஜீன் பழுதாகியிருந்தது. மீட்டர் ரீடிங்கை வைத்து இந்தக் கட்டிகளை நான்கு வகையாகவும் பிரிக்க முடிகிறது. நம் ஊரில் அதிகம் வரும் ஈறு, கன்னப் புற்றின் ஜீன் பழுதுகளை 2013-ல் இந்திய விஞ்ஞானிகளே தனியாக எடுத்துக் காட்டினார்கள். எல்லாம் உண்மையான அறிவியல், நான் மதிக்கும் அறிவியல்.

ஆனால் மார்பகப் புற்றில் 21 ஜீன் டெஸ்ட் ஒன்று கீமோ வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறது. அதுபோல வாய்ப் புற்றில் சிகிச்சையைத் தீர்மானிக்கும் டெஸ்ட் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. அப்பாவுக்குக் கரண்ட் மட்டும் போதுமா, கூடவே கீமோவும் வேண்டுமா என்பதைச் சொல்வது ஆபரேஷன் ரிப்போர்ட்டில் இருக்கும் இரண்டு வரிதான். வெட்டிய ஓரத்தில் புற்று இருக்கிறதா? கழுத்து நெறிக்கட்டியின் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறதா? அந்த இரண்டு வரியையும் உங்கள் டாக்டரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, அந்த மெழுகு பிளாக்கை லேபில் கேட்டு வாங்கி வையுங்கள். பின்னால் எந்த டெஸ்ட் வந்தாலும் அதிலிருந்துதான் சீவ வேண்டும். போன சித்திரையில் ஒருவர் பிளாக்கை பைக் சீட்டுக்கு அடியில் வைத்து மத்தியான வெயிலில் சுற்றிவிட்டுக் கொண்டுவந்தார். மெழுகு இளகி ஒருபக்கம் வழிந்து, சதைத்துண்டு காசெட்டை விட்டு நகர்ந்திருந்தது. திரும்பப் பதித்து, வெந்நீர்த் தொட்டியில் நாலு மைக்ரான் நாடாவாக மிதக்கவிட்டு எடுக்க அரைநாள் ஆனது. வீட்டில் நிழலான, குளிர்ச்சியான இடம் போதும்.

செல்லூர்: "பயாப்ஸி எடுத்தால் புற்று பரவிவிடுமா?"

பரவாது. எடுக்காமல் விட்டால்தான் பரவும்.

அண்ணா நகரிலிருந்து ஓர் அம்மா: "என் அண்ணனுக்கு டான்சிலில் புற்று. பி16 பாசிட்டிவ், அதனால் நல்லது என்கிறார் டாக்டர். புற்றில் நல்லது என்ன இருக்கிறது?"

நல்ல கேள்வி அம்மா. ஒரு ஜீனின் எக்ஸ்பிரஷன் இன்றைக்கே சிகிச்சை அறையில் பேசப்படும் இடம் இதுதான்.

எச்பிவி வைரஸ் டான்சில் செல்லுக்குள் புகுந்ததும் தன் ஈ7 புரதத்தால் ஆர்பி என்ற காவல் புரதத்தைப் பிடித்து அழிக்கிறது. ஆர்பி போனதும் பி16 என்ற இன்னொரு புரதத்தின் அளவு கட்டுக்கடங்காமல் ஏறுகிறது. அந்த ஏற்றத்தைத்தான் நாங்கள் சாயத்தில் பார்க்கிறோம். ஸ்லைடை வைத்து லென்ஸைத் திருப்பினால் கட்டி முழுக்க நன்றாகக் காய்ச்சிய வெல்லப்பாகு நிறத்தில் இருக்கும், செல்லின் நடுவிலும் பழுப்பு, சுற்றியும் பழுப்பு. குறைந்தது 70 சதவீதச் செல்களில் அப்படி அழுத்தமாக இருந்தால்தான் பாசிட்டிவ் என்று எழுதுவோம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் எழுத மாட்டோம்.

நல்லது என்பதற்குக் காரணம் பி53. பீடி, புகையிலையால் வரும் புற்றில் பி53 ஜீனே கெட்டுவிடுகிறது. வைரஸால் வருவதில் ஜீன் முழுசாக இருக்கிறது, வைரஸின் ஈ6 புரதம் அதை அடக்கி மட்டும் வைக்கிறது. அதனால் கரண்டுக்கும் கீமோவுக்கும் இந்தச் செல்கள் சீக்கிரம் சாகின்றன. 2010-ல் வந்த பெரிய ஆய்வில், மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் எச்பிவி உள்ளவர்களில் 82 சதவீதம், இல்லாதவர்களில் 57 சதவீதம். இதனாலேயே இந்தப் புற்றுக்கு ஸ்டேஜ் போடும் முறையையே தனியாக மாற்றிவிட்டார்கள்.

அதே ஆய்வில், எச்பிவி இருந்தும் நிறையப் புகைத்தவர்களுக்குப் பலன் குறைந்தது. அண்ணன் பீடி பிடிப்பவராக இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம், நல்ல வகைதானே என்று சிகிச்சையைக் குறைக்கவும் கேட்காதீர்கள். சிஸ்பிளாட்டின் என்ற கீமோவுக்குப் பதில் சிட்டக்சிமாப் என்ற ஊசி கொடுத்தால் போதுமா என்று 2018-ல் முடிவு வந்த இரண்டு ஆய்வுகளில் பார்த்தார்கள். சிட்டக்சிமாப் பெற்றவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். இந்தக் கணக்கெல்லாம் டான்சிலுக்கும் அடிநாக்குக்கும் மட்டுமே பொருந்தும், கன்னப் புற்றுக்கு இல்லை.

வாடிப்பட்டி: "மாமாவுக்குக் கன்னத்தில் புற்று. பி16 பார்க்கச் சொல்லலாமா?"

மேலே கடைசி வரி.

திருப்பரங்குன்றம்: "ரிப்போர்ட்டில் ஈஜிஎஃப்ஆர் மூன்று பிளஸ் என்று இருக்கிறது. அப்படியானால் அதற்கான ஊசி நன்றாகக் கேட்கும்தானே?"

அப்படி நினைக்கத் தோன்றும், ஆனால் இல்லை. தலை, கழுத்துப் புற்றில் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு ஈஜிஎஃப்ஆர், அதாவது செல்லை வளரத் தூண்டும் புரதம், ஏறித்தான் இருக்கும். எல்லோரிடமும் இருப்பதை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. சாயம் எவ்வளவு அழுத்தம் என்பது சிட்டக்சிமாப் ஊசி கேட்குமா என்பதைச் சொல்வதில்லை. உங்களுக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருப்பதால் சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மும்பை டாடா மருத்துவமனையின் 2023 ஆய்வு இருக்கிறது. சிஸ்பிளாட்டின் தாங்காதவர்களுக்குக் கரண்டோடு வாரம் ஒருமுறை டோசிடாக்சல் என்ற கீமோ கொடுத்தார்கள். இரண்டு வருஷம் பிழைத்தவர்கள் 41.7 சதவீதத்திலிருந்து 50.8 ஆனார்கள். விலையும் கைக்கு எட்டுவது. உங்கள் டாக்டரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

உசிலம்பட்டி: "சின்னம்மாவுக்குத் தைராய்டில் கட்டி..."

அது வேறு நோய், வேறு கணக்கு. தைராய்டு பார்க்கும் டாக்டரிடம் போங்கள்.

கோரிப்பாளையம்: "பயாப்ஸி எடுத்தால் காற்றுப் பட்டுப் பரவும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்."

செல்லூர்க்காரருக்குச் சொன்னதேதான். பக்கத்து வீட்டுக்கும் படித்துக் காட்டுங்கள்.

விளாங்குடி: "ஒரே ஸ்டேஜ், ஒரே கரண்ட். ஒருவருக்குக் கரைகிறது, இன்னொருவருக்குக் கரையவில்லை. ஏன்?"

பல காரணம். பெரிய காரணம் ஆக்சிஜன். கரண்ட் செல்லைக் கொல்ல ஆக்சிஜன் வேண்டும். ரத்தம் எட்டாத கட்டியின் நடுப்பகுதி மூச்சு முட்டிய நிலையிலேயே வாழப் பழகி, அதற்கான ஜீன்களை ஏற்றிக்கொள்கிறது. டென்மார்க்கில் 15 ஜீன்களை அளந்து மூச்சு முட்டிய கட்டி எது என்று பிரித்தார்கள். பழைய ஆய்வொன்றின் சதைத்துண்டுகளை எடுத்துப் பார்த்தபோது, நிமோரசோல் என்ற மருந்து அந்த வகைக்கு மட்டுமே உதவியிருந்தது. அழகான வேலை. ஆனால் பின்னால் பிரிட்டனில் புதிய நோயாளிகளிடம் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஜீன் டெஸ்ட் விற்பவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள், இரண்டாம் பாதியையும் கேளுங்கள்.

டெஸ்ட் இல்லாமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கரண்ட் வைக்கும் நாட்களில் புகைத்தவர்களில் கட்டி முழுதாகக் கரைந்தது 45 சதவீதம், விட்டவர்களில் 74 என்று 1993-லேயே எழுதிவிட்டார்கள்.

அலங்காநல்லூர்: "குணமாகாது என்று சொல்லிவிட்டார்கள். இம்யூனோ ஊசி லட்சக்கணக்கில் ஆகுமாமே?"

முழு அளவில் போட்டால் ஆகும். பிடி-எல்1 என்ற புரதத்துக்குச் சாயம் போட்டு, நூறு புற்றுச் செல்லுக்கு எத்தனை செல் சாயம் ஏற்கிறது என்று எண்ணி சிபிஎஸ் என்று ஓர் எண் தருவோம். அது ஏற ஏற பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோ ஊசி கேட்கும் வாய்ப்பும் ஏறுகிறது. ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது வேறு. மும்பையிலேயே நிவோலுமாப் என்ற இன்னொரு இம்யூனோ ஊசியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் மட்டும் மாத்திரைக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் இருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 ஆனார்கள். "குறைந்த டோஸ் நிவோ" என்று கேட்டால் புற்றுநோய் டாக்டர்களுக்குப் புரியும்.

சோழவந்தானிலிருந்து ஓர் அண்ணன்: "டாக்டரம்மா, நீங்கள் எல்லாம் பேசி முடித்துக் கடைசியில் வெற்றிலையில்தான் வந்து நிற்பீர்கள். மூன்று தலைமுறையாகக் கொடிக்கால் வைத்திருக்கிறோம். எங்கள் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்யாணம், காதுகுத்து எதற்கும் முதல் தட்டு வெற்றிலைதான். அதைப் புற்று என்று சொன்னால் நாங்கள் எங்கே போவது?"

அண்ணே, வெற்றிலையைப் புற்று என்று நான் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட தொகுதியில் புற்றை உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் முதல் பிரிவில் வைத்தது பாக்கை, அப்புறம் புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பாக்கு வைத்து மடித்த தாம்பூலத்தை. இலை மட்டும் தனியாக அந்தப் பட்டியலில் இல்லை.

மேலூர்: "எங்கள் ஆச்சி 90 வயது வரை இடித்துப் போட்டார். ஒன்றும் வரவில்லையே!"

ஆச்சிக்கு வரவில்லை, சந்தோஷம். போட்டவர்கள் எல்லோருக்கும் வராது. ஆனால் என் மேஜைக்கு வரும் கன்னப் புற்றில் முக்கால்வாசி, பாக்கோ புகையிலையோ அதக்கிய அதே பக்கத்துக் கடைவாயிலிருந்து வருகிறது. ஆச்சி துப்பிவிட்டு வாய் கொப்பளித்திருப்பார். இப்போது பையன்கள் பாக்குப் பொட்டலத்தைப் பிரித்துக் கடைவாயில் வைத்துக்கொண்டே தூங்குகிறார்கள்.

சோழவந்தான் அண்ணன் மறுபடியும்: "அப்போது குற்றவாளி புகையிலைதானே? குட்காவைத்தான் 2013-லேயே தடை செய்துவிட்டார்களே. வெறும் பாக்கு என்ன செய்யும்? சுண்ணாம்பு வாயைப் பொத்துவிட்டால் இரண்டு நாளில் ஆறிவிடும்."

புகையிலை இல்லாமலே செய்யும் அண்ணே. இன்று பேசிய ஜீன் எக்ஸ்பிரஷன் எல்லாவற்றிலும் நம் ஊருக்கு மிக நெருக்கமானது இதுதான், கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். பாக்கில் அரிகோலின் என்ற பொருள் இருக்கிறது. கன்னத்துத் தோலுக்கு அடியில் நார் உண்டாக்கும் செல்களை அது தூண்டுகிறது. கொலாஜன் ஜீன்கள் ஏறுகின்றன. கூடவே லாக்ஸ் என்ற இன்னொரு ஜீனும் ஏறுகிறது. அதன் வேலை நார்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவது. முடிச்சுப் போட அதற்குத் தாமிரம் வேண்டும், பாக்கில் தாமிரமும் தாராளமாக இருக்கிறது. சுண்ணாம்பு இதையெல்லாம் உள்ளே இறங்கவைக்கிறது. வருஷம் போகப்போகக் கன்னம் வெளிறி, உள்ளே கயிறு திரித்ததுபோல் விறைத்துவிடும். காரம் பட்டால் எரியும், வாய் திறக்காது. சிலருக்கு அதன் மேலேயே புற்று வருகிறது. வாய் திறக்காததால் யாரும் உள்ளே பார்ப்பதும் இல்லை, தாமதமாகத்தான் வருகிறார்கள். கரண்ட் வைத்தால் இன்னும் இறுகும். கட்டி எப்படியிருந்தாலும், சிகிச்சைக்கு முன்னாலேயே பாதி இழப்பு நடந்துவிடுகிறது.

உங்கள் கொடிக்காலுக்கு நான் எதிரி இல்லை. அகத்தி நட்டுக் கொடியேற்றி வளர்ப்பதன் பாடு எனக்குத் தெரியும். இலை பூஜைக்குப் போகட்டும், தட்டில் இருக்கட்டும். பாக்கை மட்டும் வாயில் அதக்காதீர்கள்.

இதைப் படிக்கும் எல்லோரும் இப்போதே ஒன்று செய்யுங்கள். உங்கள் கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி, மேல் கீழாக முன்பல்லுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைய வேண்டும்.

பழங்காநத்தம்: "பயாப்ஸி பற்றி ஒரு சந்தேகம்..."

பரவாது, பரவாது, பரவாது. இன்றைக்கு இந்தக் கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

சோழவந்தான் அண்ணன்: "டாக்டரம்மா, வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல்தான் போகிறது. மிளகாய் பட்டால் எரிவது ஒரு வருஷமாகவே இருக்கிறது. அல்சர் என்று நினைத்திருந்தேன்."

அண்ணே, பயப்பட வேண்டாம், ஆனால் ஒத்திப்போடவும் வேண்டாம். இந்த நிமிஷத்திலிருந்து பாக்கு கிடையாது. நாளை காலையிலேயே ராஜாஜி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். "வாய் திறப்பு குறைகிறது, எரிகிறது" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். உள்ளே வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் சின்னதாகச் சதை எடுப்பார்கள், எடுக்கவிடுங்கள். எடுத்த சதை ஃபார்மலின் பாட்டிலில்தான் போகிறதா என்று கூட வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள், சலைனில் போட்டால் கெட்டுவிடும். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஸ்லைடை நானும் ஒருமுறை பார்க்கிறேன்.