அணு, ரசாயன, கிருமி ஆபத்து: மக்களைக் காக்க அரசு என்ன செய்யும்? (கேள்வி பதில்)

இந்த மூன்று ஆபத்துகளையும் சமாளிக்க மீட்புக் குழுவினருக்குப் பயிற்சி கொடுத்தவன் நான். கேளுங்கள். போர் வருமா, எப்போது வரும் என்ற ஜோசியம் மட்டும் வேண்டாம்.

கே: அயோடின் மாத்திரை வாங்கி வைக்கலாமா?

ப: அது காப்பது தைராய்டை மட்டும்தான். சாதாரண அயோடினால் தைராய்டு முன்பே நிரம்பிவிட்டால் கதிரியக்க அயோடினுக்கு உள்ளே இடமிருக்காது. சீசியம் போன்ற மற்ற கதிரியக்கப் பொருள்களுக்கு எதிராக அது பயன்படாது. 1986இல் செர்னோபில் அணு உலை விபத்து நடந்ததும் போலந்து அரசு சில நாட்களுக்குள் சுமார் ஒரு கோடிப் பிள்ளைகளுக்கு அயோடின் கொடுத்தது. நேரம் முக்கியம். அரசு சொல்லும்போது போடுங்கள், பயம் வரும்போதெல்லாம் போடாதீர்கள்.

கே: அயோடின் கலந்த உப்பைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டால் போதாதா?

ப: ஒரு மாத்திரையில் உள்ள அயோடின் கிடைக்க ஒரே வேளையில் மூன்று கிலோ உப்பாவது தின்ன வேண்டும். கதிர்வீச்சு வருவதற்கு முன்பே உப்பு ஆளை முடித்துவிடும். 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தின்போது இதை நம்பித்தான் சீனாவில் உப்புக்கு அடிதடி.

கே: கிருமி ஆயுதமாகச் சொல்லப்படும் ஆந்த்ராக்ஸ் நோய் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

ப: ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவதில்லை. கிருமியின் வித்துகளைச் சுவாசித்தவருக்கு உடனே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும்.

கே: பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளை மேசைக்கு அடியில் புகச் சொன்னார்கள். அணுகுண்டை மேசை தடுக்குமா? மக்களை ஏமாற்றிய வேலைதானே?

ப: இந்தக் கிண்டலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வெடித்த இடத்துக்கு அருகில் எதுவும் தடுக்காதுதான். சில கிலோமீட்டர் தள்ளி இருப்பவரை யோசியுங்கள். முதலில் வருவது வெளிச்சம். அதிர்வலை சில நொடிகள் கழித்துத்தான் வரும். அந்த இடைவெளியில் மனிதன் என்ன செய்வான்? என்னவென்று பார்க்க ஜன்னலுக்கு ஓடுவான்.

2013 பிப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் விண்கல் வெடித்தபோது இதுதான் நடந்தது. சுமார் 1,500 பேர் சிகிச்சைக்குப் போனார்கள், பெரும்பாலும் கண்ணாடிக் காயம். அங்கே ஓர் ஆசிரியை நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை மேசைக்கு அடியில் புகச் சொன்னார். பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நின்றுகொண்டிருந்த அவருக்குத்தான் கையில் ஆழமான வெட்டு. ஜன்னல் பக்கம் போகாதீர்கள்.

கே (மேசைக் கேள்வி கேட்டவரே): விண்கல்லில் கதிர்வீச்சு இல்லையே ஐயா. மேசை அதற்கு என்ன செய்யும்?

ப: ஒன்றும் செய்யாது. அதற்குச் சுவர் வேண்டும், பொழுது வேண்டும். குண்டு வெடித்த பின் விழும் கதிரியக்கத் தூசியின் வீரியம், நேரம் ஏழு மடங்காகும்போதெல்லாம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். வெடித்து ஒரு மணி நேரத்தில் 100 என்றால், ஏழாவது மணியில் 10, இரண்டு நாளில் 1. அதனால்தான் நிலத்தடி அறையிலோ கட்டடத்தின் நடுப்பகுதியிலோ முதல் 24 மணி நேரம் இருங்கள் என்கிறோம். காரில் ஏறி ஓடுபவர் வீரியம் உச்சத்தில் இருக்கும்போது தூசிக்குள் மாட்டிக்கொள்கிறார். ஏமாற்று வேலை என்றால் என்ன தெரியுமா? ஊரே கருகிப்போகும் போரைக்கூடச் சமாளிக்கலாம் என்று சொல்வது. அப்படிச் சொன்ன அரசுகளும் உண்டு. அதில் உங்கள் கோபம் நியாயம். மேசை பாவம், அதை விட்டுவிடுங்கள்.

கே (இன்னொருவர்): சுவிட்சர்லாந்து போல எல்லோருக்கும் பதுங்கிடம் கட்டினால் இந்த வாதமே வேண்டாமே?

ப: நல்லதுதான். ஆனால் அவர்கள் 1960களில் சட்டம் போட்டு, புது வீடுகளோடு சேர்த்துப் பல பத்தாண்டுகளாகக் கட்டியது அது. ஆபத்து வந்த பிறகு தோண்ட முடியாது.

கே: நச்சு வாயுவுக்கு முகமூடி வாங்கலாமா?

ப: 1991 வளைகுடாப் போரில் இஸ்ரேலில் வடிகட்டியின் மூடியைக் கழற்றாமல் முகமூடி மாட்டி மூச்சுத்திணறி இறந்தவர்கள் உண்டு. பழகாத கருவி ஆளையே கொல்லும். அதைவிட ஆடையைக் கழற்றி, சோப்பும் தண்ணீரும் போட்டுக் குளிப்பது மேல். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்ற நச்சு வாயு தாக்கியபோது பலர் அதே உடையோடு மருத்துவமனைக்குப் போனார்கள். உடையிலிருந்து வந்த ஆவியில் ஊழியர்களுக்கும் கண் மங்கியது. அதனால்தான் இப்போது மருத்துவமனை வாசலிலேயே கழுவும் இடம் அமைக்கச் சொல்கிறார்கள்.

கே: ரசாயன ஆயுதங்களை எல்லா நாடுகளும் அழித்துவிட்டனவா?

ப: நாடுகள் தாங்களே அறிவித்த இருப்பு முழுவதும் 2023 ஜூலையோடு அழிந்தது. "அறிவித்த" என்ற சொல்லைக் கவனியுங்கள்.

கே: அயோடின் மாத்திரையைத் தினமும் போடலாமா?

ப: முதல் பதில்.

கே: குழந்தைக்கு உப்பு...

ப: இரண்டாவது பதில்.

கே: வெளிச்சம் தெரிந்தால் செல்போனில் படம் எடுக்கலாமா?

ப: ஜன்னல் பக்கம் போகாதீர்கள்!