சாயத்தண்ணியில கரண்ட் விட்டா சுத்தமாயிடுமா? – நகரி பக்கத்து நண்பர்களுக்குப் பதில்கள்

அண்ணே, இரும்புத் தகடு போட்டு கரண்ட் விட்டா சாயத்தண்ணி தெளியுதுன்னு காட்டுறாங்க. வாங்கலாமா? (நகரி, சாயப்பட்டறை)

தெளியறது நிஜம். நேர்முனைத் தகட்டுல இருந்து கரையுற இரும்பு சாயத்தைத் திரட்டுது. எதிர்முனையில கிளம்புற ஹைட்ரஜன் குமிழி அதை நுரையோட மேலே தூக்குது. ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினா சுமார் 1 கிராம் இரும்பு கரையும். அது சாயத்தோட சேர்ந்து ஸ்லட்ஜா, அதாவது கழிவுச் சேறா வரும். அதை எங்கே போடுவீங்கன்னு முடிவு பண்ணிட்டு வாங்குங்க. ஆத்தங்கரையில கொட்டினா அடுத்த மழைக்குக் குசஸ்தலையில இறங்கும். அந்த ஆறு பூண்டி ஏரிக்குப் போகுது, சென்னை குடிக்கிற தண்ணி அது.

டைட்டானியம் தகட்டு மெஷின்ல கொஞ்ச நேரத்துல கலரே போயிடுச்சு சார்! (ஏகாம்பரகுப்பம்)

ப்ளீச்சிங் வாடை அடிச்சுதா? சாயத்தொட்டியில சாதா உப்பு போட்டிருந்தா அதிலுள்ள குளோரைடு குளோரினாகி, ஹைப்போகுளோரைட்டாகி (ப்ளீச்சிங் பவுடர்ல வேலை செய்யுற அதே சரக்கு) வேலை செய்யும். சாய மூலக்கூறுல நிறம் தர்ற அசோ பிணைப்பு (ரெண்டு நைட்ரஜன் அணுக்களோட இணைப்பு) உடைஞ்சாலே கண்ணுக்கு நிறம் போயிடும். ஆனா உடைஞ்ச சாயத்தோட வளையத் துண்டுகள் தண்ணியிலேயே நிக்கும், சிலதுல குளோரினும் ஏறிக்கும். குளோரோஃபார்ம்கூட உண்டாகலாம். அதனால கலரைப் பார்த்துத் திறந்து விடாதீங்க, சிஓடி (தண்ணியில இருக்கிற கரிமக் கழிவை உடைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேணுங்கிற அளவு) பாருங்க. லேப்ல உப்பு எவ்வளவுன்னு சொல்லிடுங்க. குளோரைடு அதிகமா இருந்தா சிஓடி கணக்கு ஏறித் தெரியும்.

சாதா உப்புக்குப் பதிலா கிளாபர் சால்ட்டுக்கு (சோடியம் சல்பேட்) மாறினா?

குளோரின் தொல்லை குறையும். ஆனா அந்த டைட்டானியம் தகடு அப்போ பெரும்பாலும் ஆக்சிஜனைத்தான் விடும். போரான் கலந்த வைரப்பூச்சுத் தகடு வேணும். அதுல தண்ணியில இருந்து பிறக்கிற, ரொம்ப வீரியமான ஹைட்ராக்சில் ரேடிக்கல் கரிமப் பொருளை கார்பன் டை ஆக்சைடு வரைக்கும் உடைக்கும். விலைதான் அதிகம்.

கரண்ட் பில்?

1 கிலோ சிஓடி போக, கொஞ்சமும் வீணாகாட்டியும் 3,350 ஆம்பியர்-மணி வேணும். 5 வோல்ட்டுன்னா 17 யூனிட். நடைமுறையில இன்னும் கூடும். அதனால கிருமிகளால முடிஞ்சதை முதல்ல பயோ தொட்டியில தின்ன விடுங்க, மிச்சத்துக்கு மட்டும் கரண்ட்.

உப்பும் போயிடுமா?

போகாது. அதுக்கு ஆர்ஓ-தான்.

தம்பி, எங்க போர் தண்ணி கலரா வருது. வீட்டுக்குச் சின்ன மெஷின் போடலாமா? (பள்ளிப்பட்டு)

வேண்டாம்மா. உள்ளே என்ன கலந்திருக்குன்னு தெரியாம கரண்ட் விட்டா, கண்ணுக்குத் தெரியறது போய், தெரியாதது சேரும். முதல்ல தண்ணியைப் பரிசோதனைக்குக் கொடுங்க. அதுவரை குடிக்கவும் சமைக்கவும் வேற தண்ணி எடுத்துக்கோங்க. ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே எழுதுங்க, பார்த்துச் சொல்றேன்.