ஐந்து ஒன்பது செம்பு

போன இதழில் பிஸ்கட் உறையின் உள்பக்கம் மினுங்கும் அலுமினியப் பூச்சைப் பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செம்பைப் பற்றிக் கேட்கின்றன. 31 வருஷம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேக்குவம் கோட்டிங் யூனிட்டுக்கு (வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கிப் படலமாகப் படியவைக்கும் கருவி) பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். செம்பு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், நான் இயற்பியலில் ஆராய்ச்சி மாணவி. கண்ணாடி ஸ்லைடில் 80 நானோமீட்டர் செம்புப் படலம் போட்டு அதன் மின்தடையை அளக்க வேண்டும். கைடு 99.999 சதவீதச் செம்புதான் வாங்க வேண்டும் என்கிறார். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் கம்பியும் 99.9 சதவீதம்தானாம். அந்தக் கடைசி இரண்டு ஒன்பதுக்காக இவ்வளவு செலவு தேவையா? (கோவை வாசகி)

பதில்: உங்கள் கைடு சொல்வது சரி. ஆனால் அதற்கு அவர் சொல்லியிருக்கக்கூடிய காரணம் தப்பாக இருக்கலாம்.

சுத்தமான செம்பு என்றால் மின்தடை குறையும், அதனால் வாங்கு என்று சொல்லியிருப்பார். 80 நானோமீட்டர் படலத்தில் அது எடுபடாது. அறை வெப்பத்தில் செம்புக்குள் ஓடும் எலக்ட்ரான் சராசரியாக 40 நானோமீட்டர் போவதற்குள் எதன் மேலாவது மோதிவிடும். உங்கள் படலத்தின் மொத்தத் தடிமனே அதைப் போல இரண்டு மடங்குதான். மேல் பரப்பு, அடிப் பரப்பு, குருணை குருணையாக வளர்ந்த படிகங்களின் எல்லைகள் என்று மோதுவதற்கு அங்கே ஏகப்பட்ட சுவர்கள். இந்த மோதல்களுக்கு நடுவில் லட்சத்தில் ஒரு பங்கு அந்நிய அணு மோதுவது உங்கள் மீட்டருக்குத் தெரியவே தெரியாது. படலமாக இல்லாத கட்டிச் செம்பின் தன்மின்தடை 20 டிகிரியில் 1.68 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர். உங்களுக்கு அதைவிடக் கூடுதலாகத்தான் வரும், எந்தச் செம்பைப் போட்டாலும்.

பிறகு ஏன் கம்பி கூடாது? இரண்டு விஷயம். முதலாவது ஆக்சிஜன். மின்கம்பிச் செம்பில் வேண்டுமென்றே கொஞ்சம் ஆக்சிஜனை விட்டுவைப்பார்கள். பத்து லட்சத்தில் 200 முதல் 400 பங்கு வரை இருக்கும். கம்பிக்கு அது நல்லது. மற்ற அழுக்குகளை ஆக்சைடாகப் பிடித்து ஓரங்கட்டிவிடுவதால் கடத்தும் திறன் கூடும். ஆனால் அதே கம்பியை வெற்றிடத்தில், டங்ஸ்டன் போட்டில் (உலோகத்தை வைத்துச் சூடேற்றும் படகு வடிவத் தட்டு) வைத்து உருக்கிப் பாருங்கள். உள்ளே அடைபட்ட வாயு குமிழியாகக் கிளம்பி வெடிக்கும். கடுகு தாளிக்கிற மாதிரிதான். தெறித்த செம்புத் துளிகள் நேராகப் போய் உங்கள் ஸ்லைடில் உட்காரும். ஆரம்ப காலத்தில் நானும் ஒரு முறை சிக்கனம் பார்த்துக் கம்பியை வெட்டிப் போட்டிருக்கிறேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் படலம் முழுக்க வேர்க்குரு.

இரண்டாவது விஷயம் இன்னும் மோசம். போட்டில் இருக்கும் விகிதத்திலேயே எல்லாம் ஆவியாகும் என்று நினைக்காதீர்கள். செம்பு 1085 டிகிரியில் உருகும். வேகமாக ஆவியாக அதற்கு மேல் இன்னும் நூற்றைம்பது டிகிரியாவது ஏற்ற வேண்டும். துத்தநாகமோ வெற்றிடத்தில் 250 டிகிரியிலேயே, உருகுவதற்கு முன்பே, புறப்பட்டுவிடும். ஈயமும் செம்புக்கு ரொம்ப முன்னால் கிளம்புகிற ஆள். கம்பியில் துளியூண்டு இருந்தாலும் அதெல்லாம் முதல் சில நொடிகளிலேயே வந்து கண்ணாடிக்கும் செம்புக்கும் நடுவில் படுத்துக்கொள்ளும். அந்த இடத்தில்தான் ஒட்டும் தன்மையே தீர்மானமாகிறது.

ஒரு மாணவர் வெற்றிடச் சேம்பருக்குள் ஸ்லைடைப் பிடித்து வைக்கப் பித்தளை ஸ்குரு போட்டுவிட்டார். சூடேறியதும் அதிலிருந்த துத்தநாகம் கிளம்பி, சேம்பரை மூடும் கண்ணாடிக் கூண்டான பெல் ஜார் முழுக்கச் சாம்பல் நிறத்தில் படிந்தது. அதைச் சுரண்டி எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அன்றிலிருந்து பித்தளை என்றாலே என் ஆய்வகத்தில் தீட்டு.

ஏசி குழாய்ச் செம்பு கொஞ்சம் வீட்டில் கிடக்கிறது என்று அடுத்து எழுதுவீர்கள். அதுவும் வேண்டாம். அதில் பாஸ்பரஸ் சேர்த்திருப்பார்கள். எனாமல் பூசிய வைண்டிங் கம்பியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: பரம்பரையாகப் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். நாங்களும் சுத்தச் செம்பு என்றுதான் விற்கிறோம். உங்கள் ஆய்வகச் செம்பு இதைவிட எவ்வளவு சுத்தம்? இன்னொன்று, நாங்கள் புளி போட்டுத் தேய்ப்போம். நீங்கள் எதைப் போட்டுத் தேய்ப்பீர்கள்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: அரிசிக் கணக்கில் சொல்கிறேன். 99.9 சதவீதச் செம்பு என்றால் ஒரு கிலோவில் ஒரு கிராம் அந்நியச் சரக்கு இருக்கலாம். கிட்டத்தட்ட ஐம்பது அரிசி. ஐந்து ஒன்பது, அதாவது 99.999 சதவீதம் என்றால் கிலோவுக்குப் பத்து மில்லிகிராம், அதாவது அரை அரிசி. ஆறு ஒன்பது என்றால் ஒரு மில்லிகிராம். அரிசியின் மூக்கைக் கிள்ளியது போல.

இதில் ஒரு வியாபார சூட்சுமம் இருக்கிறது, கடைக்காரரான உங்களுக்குச் சட்டென்று புரியும். பாட்டிலில் அச்சடித்த 99.999 என்பது பெரும்பாலும் உலோகங்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன் எல்லாம் அதில் சேராது. எடை போடும்போது சாக்கைக் கழிப்பது போல அவற்றைக் கழித்துவிடுகிறார்கள். ஏமாற்று இல்லை, சான்றிதழிலேயே இருக்கும். ஆனால் ஆக்சிஜன் எவ்வளவு என்பதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஆக்சிஜன் நீக்கிய செம்பில் உயர்ந்த ரகத்துக்கு அமெரிக்கத் தரநிலையில் சி10100 என்று பெயர். செம்பு 99.99, ஆக்சிஜன் பத்து லட்சத்தில் ஐந்து பங்குக்கு மேல் கூடாது. ஒன்பதுகள் ஒன்று குறைவு. ஆனாலும் ஆக்சிஜன் அளவு குறிக்காத ஐந்து ஒன்பது பாட்டிலைவிட எனக்கு இதன் மேல் நம்பிக்கை அதிகம்.

புளி விஷயத்துக்கு வருகிறேன். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் கறுத்த ஆக்சைடைக் கரைக்கிறது. நாங்கள் செய்வதும் அதே வேலைதான், அசெட்டிக் அமிலத்திலோ நீர்த்த நைட்ரிக் அமிலத்திலோ ஒரு முக்கு. ஆனால் புளியில் பொட்டாசியம் இருக்கிறது. அதோடு நீங்கள் உப்பும் சேர்ப்பீர்கள், அதில் சோடியமும் குளோரினும். சிலிக்கான் டிரான்சிஸ்டர் செய்கிறவனிடம் சோடியம் என்று சொன்னால் முகம் வெளுத்துவிடும். ஆக்சைடுக்குள் புகுந்து நடமாடி, டிரான்சிஸ்டர் திறக்கும் மின்னழுத்தத்தையே நகர்த்திவிடும். அதனால் அமிலத்துக்குப் பிறகு அயனி நீக்கிய தண்ணீர், அதன்பின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கடைசியில் நைட்ரஜன் ஊதிக் காயவைப்பது. கை படவே கூடாது. உங்கள் குடத்துக்குப் புளிதான் ராஜா, அதை மாற்றாதீர்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் சிப்பில் முன்பு அலுமினியம் இருந்ததாகவும் பிறகு செம்புக்கு மாறியதாகவும் படித்தேன். செம்புதான் சிறந்தது என்றால் முதலிலேயே ஏன் போடவில்லை? (ஓசூர் பாலிடெக்னிக் மாணவர்)

பதில்: நல்ல கேள்வி தம்பி. அலுமினியத்தின் தடை 2.65, செம்புக்கு 1.68. பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கும் கணக்குதான். ஆனாலும் ஐபிஎம் செம்பு இணைப்புகளை அறிவித்தது 1997 செப்டம்பரில்தான். சிப் வெளியே வந்தது 1998-ல்.

காரணம், சிலிக்கானுக்குச் செம்பு விஷம். செம்பு அணு சிலிக்கானுக்குள் அதிவேகமாக ஊடுருவி டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. அலுமினியத்தைக் குளோரின் பிளாஸ்மாவில் அரித்து வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவரலாம். செம்பின் குளோரைடு சாதாரண வெப்பத்தில் ஆவியாகாது, அப்படியே ஒட்டிக்கொண்டு கிடக்கும். அரிக்க முடியாத உலோகத்தை வைத்துக்கொண்டு எப்படிக் கோடு போடுவது?

கர்நாடகத்துப் பீதரில் பித்ரி வேலைப்பாடு பார்த்திருக்கிறீர்களா? துத்தநாகக் கலவைப் பாத்திரத்தில் உளியால் பள்ளம் வெட்டி, அதில் வெள்ளிக் கம்பியை அடித்து இறக்கி, மேலே ராவி மட்டம் செய்வார்கள். சிப் செய்கிறவர்களும் அந்த வழிக்குத்தான் வந்தார்கள். கண்ணாடி போன்ற காப்புப் படலத்தில் முதலில் பள்ளம். பள்ளத்தின் உள்சுவரில் டான்டலமும் டான்டலம் நைட்ரைடும் வேலியாக. அதன் மேல் ஸ்பட்டரிங் முறையில் மெல்லிய விதைச் செம்பு. பிறகு மின்முலாம் பூசிப் பள்ளத்தை நிரப்புவது. மேலே வழிந்ததை ரசாயனக் குழம்பு விட்டுத் தேய்த்து மட்டம் செய்வது. இதற்கு டமாஸ்கஸ் நகரத்துப் பெயரை வைத்து டமாசீன் முறை என்கிறார்கள். நம் பக்கத்தில் யாராவது கண்டுபிடித்திருந்தால் பித்ரி முறை என்று ஆகியிருக்கும்.

ஒன்பதுகள் உண்மையிலேயே வேலை செய்கிற இடம் அந்த விதைச் செம்புதான். ஸ்பட்டரிங்கில் ஆர்கான் அயனிகள் டார்கெட்டை (மூலமாக வைக்கும் உலோகத் தகட்டை) அடித்து அணுக்களைப் பெயர்க்கின்றன. ஆவியாக்குவதைப் போல இங்கே வடிகட்டல் கிடையாது. டார்கெட்டில் இருக்கும் அழுக்கு ஏறக்குறைய அதே விகிதத்தில் வந்து சேரும். யுரேனியம், தோரியம் எவ்வளவு என்று தனியாகக் கேட்பார்கள். 1978-ல் இன்டெல் பொறியாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சிப்பை மூடியிருந்த செராமிக் உறையில் இருந்த யுரேனியமும் தோரியமும் ஆல்ஃபா துகள் விட்டு, நினைவகத்தில் இருந்த பிட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து சிப்பைத் தொடும் எந்தப் பொருளானாலும் இந்தச் சோதனை உண்டு.

கேள்வி: நம் நாட்டில் உருக்கும் செம்பு இந்த வேலைக்கு உதவுமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: மூலப்பொருளாக உதவும். 2018 மே மாதம் மூடப்பட்ட உங்கள் ஊர் ஆலையானாலும் குஜராத்தின் தஹேஜ் ஆலையானாலும், மின்னாற்பகுப்பில் எடுக்கும் கேத்தோடு (எதிர்மின்வாயில் படியும் செம்புத் தகடு) 99.99 ரகம். எல்கிங்டன் 1865-ல் காப்புரிமை வாங்கிய அதே வழிதான். அழுக்குச் செம்பு ஒரு பக்கம் கரைய, மறுபக்கம் சுத்தச் செம்பு படியும். தங்கமும் வெள்ளியும் அடியில் சேறாகத் தங்கும். அதற்கு மேல் போக வேண்டுமானால் இன்னொரு முறை மின்னாற்பகுப்பு, சில இடங்களில் கந்தகம் சேராமல் இருக்க நைட்ரிக் அமிலக் கரைசலில். அப்புறம் வெற்றிடத்தில் உருக்கு. கடைசி ஒன்பதுகளுக்கு டன் கணக்கில் கிராக்கி கிடையாது. அதனால்தான் அது கிராம் விலையில் ஓடுகிறது.

கேள்வி: ஐந்து ஒன்பது செம்புதான் போட்டேன். டிஃப்யூஷன் பம்ப், 5×10⁻⁵ டார். நொடிக்கு 2 ஆங்ஸ்ட்ராம். படலம் கறுப்படித்த மாதிரி வருகிறது, செல்லோடேப் வைத்து இழுத்தால் முழுசாகக் கையோடு வந்துவிடுகிறது. கம்பெனி ஏமாற்றிவிட்டானா? (திருநெல்வேலி, லேப் டெக்னீஷியன்)

பதில்: கம்பெனியைத் திட்டாதீர்கள் தம்பி. உங்கள் சேம்பருக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

டார் என்பது வெற்றிடத்தில் மிஞ்சியிருக்கும் வாயுவின் அழுத்தத்தை அளக்கும் அலகு. 10⁻⁶ டார் அழுத்தத்தில், ஒரு பரப்பை முழுசாக மூடும் அளவுக்கு வாயு மூலக்கூறுகள் வந்து விழ ஏறக்குறைய ஒரு நொடி போதும். உங்களுடையது அதைப் போல ஐம்பது மடங்கு. நொடிக்கு 2 ஆங்ஸ்ட்ராம், அதாவது 0.2 நானோமீட்டர், என்பது செம்பில் கிட்டத்தட்ட ஓர் அணு அடுக்கு. ஆக, ஒரு செம்பு அணு வந்து உட்காருவதற்குள் ஐம்பது வாயு மூலக்கூறுகள் கதவைத் தட்டுகின்றன. எல்லாம் ஒட்டாது. ஆனால் ஆக்சிஜனும் தண்ணீர் ஆவியும் ஒட்டுகிற வகை. நூற்றில் ஒன்று ஒட்டினாலும் உங்கள் ஐந்து ஒன்பது அங்கேயே தீர்ந்தது. பாட்டிலில் இருந்தது சுத்தச் செம்பு, ஸ்லைடில் இருப்பது வேறு சரக்கு.

ராத்திரி முழுக்கப் பம்ப் ஓடட்டும். ஆவிகளை உறையவைத்துப் பிடிக்கும் திரவ நைட்ரஜன் டிராப் இருந்தால் நிரப்புங்கள், சும்மா அலங்காரத்துக்கு வைக்காதீர்கள். மழைக்காலத்தில் சேம்பரைத் திறந்து வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போகாதீர்கள். இன்னொரு போட் வைக்க இடம் இருந்தால் ஸ்லைடை மறைக்கும் ஷட்டரை மூடிக்கொண்டு கொஞ்சம் டைட்டானியம் ஆவியாக்குங்கள். மிச்ச ஆக்சிஜனை அது விழுங்கிவிடும், வேக்குவம் கேஜ் முள் இறங்குவது கண்ணுக்கே தெரியும். பிறகு செம்பை நொடிக்கு 10, 20 ஆங்ஸ்ட்ராம் வேகத்தில் விடுங்கள். முதல் அரை நிமிஷம் வருவது ஷட்டரோடு போகட்டும்.

டேப்போடு வருவது தனி நோய். செம்புக்கும் கண்ணாடிக்கும் எப்போதுமே ஒட்டாது. கண்ணாடியின் ஆக்சிஜனைக் கெட்டியாகப் பிடிக்கும் உலோகம் ஒன்று நடுவில் வேண்டும். பத்து நானோமீட்டர் குரோமியம் போடுங்கள், உடனே வெற்றிடத்தைக் கலைக்காமல் மேலே செம்பு. நடுவில் ஒரு தடவை காற்றைத் திறந்துவிட்டால் குரோமியம் ஆக்சைடாகி, வேலை பழையபடி ஆகிவிடும். படலத்தின் தடிமனை அளக்கும் கிறிஸ்டல் மானிட்டரில் செம்புக்கு அடர்த்தி 8.93, இசட் விகிதம் 0.437 என்று மாற்றினீர்களா? முந்தைய ஆள் போட்ட அலுமினியக் கணக்கிலேயே ஓட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஆறு ஒன்பது செம்பு ஸ்பீக்கர் கேபிள் வாங்கலாமா? (சென்னை வாசகர்)

பதில்: அறை வெப்பத்தில் நாலு ஒன்பதுக்கும் ஆறு ஒன்பதுக்கும் உள்ள தடை வித்தியாசம் உங்கள் காதுக்கு எட்டாது. அணுக்களின் வெப்ப ஆட்டமே எல்லாவற்றையும் மூடிவிடும். திரவ ஹீலியத்தில், 4 கெல்வினில், வித்தியாசம் பிரமாதமாகத் தெரியும். ஹாலை அந்த அளவு குளிரவைக்க உத்தேசம் இருந்தால் வாங்குங்கள்.

கேள்வி: தேய்ந்த செம்பு டார்கெட்டை என்ன செய்வீர்கள்? (கோவை, அதே வாசகி)

பதில்: காந்தம் இழுக்கிற வட்டத்தில் மட்டும் பள்ளம் விழுந்திருக்கும், மிச்சம் பெரும்பகுதி அப்படியே இருக்கும். செம்பானதால் பழைய உலோகக் கணக்கில் போகும். நான் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, மூன்று அங்குல டார்கெட் ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமான செம்புங்கிறீங்க, குடிக்கிற தண்ணிப் பானையில போட்டு வைக்கலாமே" என்றாள். திருப்பிக் காட்டினேன். முதுகு முழுக்க இண்டியம் ஒட்டு, டார்கெட்டைத் தாங்கு தகட்டோடு ஒட்டவைத்த உலோகம். இப்போது அது மின்கட்டண ரசீதுகள் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது.