செவிலியர் பள்ளி எப்படிப் பல்கலைக்கழகக் கல்லூரியாக வளர்ந்தது?

செவிலியர் பள்ளி மருத்துவமனையைச் சார்ந்தது, டிப்ளமோ தருவது. செவிலியர் கல்லூரி பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது, நான்காண்டு பி.எஸ்சி. பட்டம் தருவது. சிதம்பரம், தஞ்சாவூர் வட்டாரங்களில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடுகளில் ‘இரண்டுக்கும் என்ன வேறுபாடு?’ என்று ஆண்டுதோறும் குழப்பம் எழும்.

முதலில் இருந்தவை மருத்துவமனைப் பள்ளிகளே. தஞ்சை வித்துவான் வீட்டில் தங்கி, எடுபிடி வேலை செய்துகொண்டே நாகஸ்வரம் பழகிய குருகுலம் போல, மாணவியர் வார்டில் உழைத்தே தொழிலைக் கற்றார்கள். கைத்திறன் நன்றாகவே வந்தது. ஆனால் வார்டில் ஆள் குறைந்தால் வகுப்புதான் நிற்கும். மாணவியே மலிவான பணியாள். (குருகுலத்திலும் இதே கதைதான்.) படிப்பை மருத்துவமனையின் ஆள் தேவையிலிருந்து பிரிக்க வேண்டியிருந்தது. மருத்துவமும் சிக்கலாகிக்கொண்டே போனதால் உடலியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களை முறையாகக் கற்பிக்கவும் வேண்டியிருந்தது. 1946இல் வேலூரிலும் டெல்லியிலும் பட்டப்படிப்பு தொடங்கியது. டெல்டாவுக்கு அது வர வெகுகாலம் ஆயிற்று. சிதம்பரத்தில் 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் செவிலியர் கல்லூரி பின்னாளில் வந்ததே.

டிப்ளமோ படித்தவர் ‘அரை நர்ஸ்’ என்பது தவறு: அவரும் செவிலியர்களைப் பதிவுசெய்யும் கவுன்சிலில் பதிவுபெற்ற செவிலியரே, விரும்பினால் மேலும் இரண்டாண்டு படித்துப் பட்டமும் பெறலாம்.