ஐவி எண்டு சொல்லி வித்தவை, வாங்கினது என்ன கண்டு?

இந்தமுறை வந்த கேள்வியளில கனக்க ஐவிக் கொடியைப் பற்றித்தான். நல்லூர்த் திருவிழா முடிஞ்ச கையோட இப்பிடி வாறது வழமை, திருவிழாவுக்குப் போய் ஒரு பூக்கண்டும் வாங்காம ஆர் வீட்ட வாறது?

கேள்வி (கொக்குவிலில இருந்து ஒரு அக்கா): திருவிழா நேரம் றோட்டோரம் கண்டு வித்த ஒருத்தரிட்ட இங்கிலிஷ் ஐவி எண்டு 3 சாடி வாங்கினனான், ஒண்டு 1,500 ரூபா. நுவரெலியாக் கண்டு, வெயில் தாங்கும், ஆறு மாசத்தில மதில் முழுக்க மூடிடும் எண்டு அந்தத் தம்பி சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னவர். மேற்குப் பக்க மதிலோட வைச்சன். மூண்டாம் கிழமையே இலை ஓரம் கருகி கடதாசி மாதிரி வந்திட்டுது, இலைக்கு அடியில மெல்லிசா நூல் கட்டின மாதிரியும் கிடக்கு. போன் அடிச்சா எடுக்கிறார் இல்லை. பில் துண்டும் தரேல்லை. காசு திரும்ப வாங்க ஏலுமோ, கண்டைக் காப்பாத்த ஏலுமோ?

பதில்: முதல் கண்டைப் பாப்பம், காசு ஓடாது, கண்டுதான் ஓடப்போகுது.

அக்கா, அந்த நூல்தான் முக்கியமான விசயம். ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடிச்சுக்கொண்டு அதுக்கு மேல இலையைத் தட்டுங்கோ. மிளகாய்த்தூள் மாதிரி சின்னப் புள்ளியள் விழும், ஒரு நிமிசம் பொறுத்துப் பாத்தா அதில சிலது மெல்ல ஊரும். அது செஞ்சிலந்தி எண்டு சொல்லுற சிற்றுண்ணி. வெக்கையும் காஞ்ச காத்தும் இருந்தாப் போதும், அது பெருகிக்கொண்டே போகும், உங்கட மேற்கு மதிலும் சோழகக் காத்தும் சேந்து அதுக்கு விருந்து வைச்ச மாதிரி. இண்டைக்கே சாடியை மற்றப் பூக்கண்டுகளிட்ட இருந்து தள்ளி வைச்சிட்டு, இலையின்ர அடிப்பக்கத்தை பைப் தண்ணியால நல்லா அடிச்சுக் கழுவுங்கோ, மேல மட்டும் நனைச்சா பிரயோசனம் இல்லை. ரெண்டு மூண்டு நாளைக்கு ஒருக்கா அப்பிடிக் கழுவ வேணும். சோப்புத் தண்ணியில கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து பின்னேரம் வெயில் தாழ்ந்தாப் பிறகு அடிக்கலாம், வெயிலுக்க அடிச்சா மிச்ச இலையும் கருகும். கருகின கொடியளை வெட்டி எரிச்சுப் போடுங்கோ, எருக்கும்பியில போட வேண்டாம்.

இனி இடம். இங்கிலிஷ் ஐவி எண்டுறது ஐரோப்பாவிலயும் மேற்கு ஆசியாவிலயும் காட்டுக்குள்ள மர நிழலில படருற கொடி. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல, அங்க சராசரி வெப்பம் 16 பாகை அளவில, அங்க அது சந்தோசமா நிக்கும். எங்கட ஊரில கோடைப் பகல் 32, 33 பாகை, அதோட சீமெந்து மதில் பகல் முழுக்கச் சூட்டைக் குடிச்சுக்கொண்டு இரவு முழுக்க அதை விட்டுக்கொண்டிருக்கும், கண்டுக்கு இரவிலயாவது ஆறுதல் வேணும், அதுவும் இல்லை. வெயில் தாங்கும் எண்டு அந்தத் தம்பி சொன்னது நுவரெலியா வெயிலை நினைச்சோ என்னவோ.

சாடியை வீட்டின்ர வடக்குப் பக்கம் இல்லாட்டி கிழக்குப் பக்கம், மா மரத்து நிழலில, வெளிச்சம் வரும் ஆனா நேர் வெயில் விழாத இடமாப் பாத்து வையுங்கோ. மண்ணுக்க விரலை விட்டுப் பாத்து மேல ஒரு அங்குலம் காஞ்சிருந்தா மட்டும் தண்ணி. கூட ஊத்தினா வேர் அழுகும், வெயிலுக்குப் பயந்து நாளைக்கு மூண்டு தரம் ஊத்திச் சாகடிக்கிற ஆக்கள்தான் கன பேர். இன்னொரு விசயம் தண்ணி. உங்கட கிணத்துத் தண்ணி உவர் எண்டா, சாடி விளிம்பில வெள்ளையாப் படிஞ்சிருக்கும், கையால சுரண்டினா உதிரும். சுண்ணாம்பை ஐவி தாங்கும், உப்பைத் தாங்காது. மாரியில மழைத் தண்ணி பிடிச்சு வைச்சு ஊத்துறது நல்லம், கோடையில மாசத்துக்கு ஒருக்காவாவது நல்ல தண்ணியால சாடியை நிரப்பி அடியால ஓட விடுங்கோ, உப்புக் கழுவுப்படும்.

உண்மையைச் சொன்னா, நானும் ஒருக்கா ஐவி வாங்கி கிணத்தடி நிழலில வைச்சனான். மாரி முழுக்க வடிவா நிண்டுது, தை மாசம் புதுத் தளிர் விட்டதைப் பாத்து அயலெல்லாம் கூப்பிட்டுக் காட்டினன், வைகாசி தாண்டேல்லை. மூண்டு சாடியில ஒண்டு தப்பினாலே பெரிசு எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ, ஐப்பசி மழை தொடங்கிற வரைக்கும் இழுத்துப் பிடிச்சா சான்ஸ் இருக்கு.

இப்ப காசு. கண்டு பட்டுப்போச்சு எண்டுறது மட்டும் முறைப்பாட்டுக்குக் காணாது, வளக்கத் தெரியேல்லை எண்டு சொல்லிப் போடுவினம். ஆனா "வெயில் தாங்கும், ஆறு மாசத்தில மதிலை மூடும்" எண்டு சொல்லி வித்தது வேற விசயம். பொய்யா, ஆக்களைத் தவறா வழிநடத்துற மாதிரிச் சொல்லி விக்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி பிழை. பில் துண்டு கேட்டா குடுக்க வேணும் எண்டும் அதே சட்டத்தில இருக்கு, ஆனா கேட்டாத்தான், நீங்கள் கேட்டனீங்களோ தெரியேல்லை. அதிகார சபையின்ர 1977 எண்டுற நம்பருக்கு அடிச்சுக் கேக்கலாம், முறைப்பாட்டை எழுத்திலயும் குடுக்க வேணும், வாங்கின நாளில இருந்து மூண்டு மாசத்துக்குள்ள. வட்ஸ்அப்பில அவரோட கதைச்சது ஏதாவது இருந்தா அழிக்காமல் வையுங்கோ, கண்டின்ர படத்தையும் எடுத்து வையுங்கோ. ஆனா ஒண்டு சொல்லுறன், ஆளின்ர பேரும் இல்லை விலாசமும் இல்லை எண்டா 4,500 ரூபாய்க்காக அலையிற அலைச்சல் பெரிசு. எழுதிக் குடுக்கிறது நல்லம்தான், காசு வரும் எண்டு மட்டும் எண்ணி இருக்காதேங்கோ.

கேள்வி (மானிப்பாயில இருந்து ஒரு தம்பி): அண்ணை, ஒன்லைனில ஐவி விதை 100 இருக்கிற பக்கெற் மலிவா வருது, படத்தில ஊதா இலையும் நீல இலையுமா நல்ல வடிவாக் கிடக்கு. வெளிநாட்டில இருந்து வரும் எண்டு போட்டிருக்கு. எடுக்கலாமோ?

பதில்: வேண்டாம் தம்பி. நீல இலை ஐவி உலகத்தில எங்கயும் இல்லை, அது கொம்பியூட்டரில நிறம் மாத்தின படம். ஐவியை விதையால வளக்கிற ஆக்கள் குறைவு, கொடி நிலத்திலயும் சுவரிலயும் படருற பருவத்தில பூக்கவே பூக்காது, நல்லா முதிர்ந்து உச்சிக்குப் போய் இலையின்ர வடிவே மாறினாப் பிறகுதான் பூத்துக் காய்க்கும். அந்தப் பக்கெற்றில வாறது என்ன விதை எண்டு முளைக்கும் வரைக்கும் கடவுளுக்குத்தான் வெளிச்சம், முளைச்சா.

அதோட, 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி விதை, கண்டு ஒண்டும் நினைச்ச மாதிரி வெளிநாட்டில இருந்து கொண்டுவர ஏலாது. அனுமதியும் அந்த நாட்டுச் சான்றிதழும் வேணும், கட்டுநாயக்காவில தாவரத் தொற்றுத்தடுப்புக் காரர் பிடிச்சா பார்சலும் போச்சு காசும் போச்சு. கொடி வேணும் எண்டா வைச்சிருக்கிற ஆக்களிட்ட ஒரு சாண் நீளத் துண்டு கேளுங்கோ, கீழ் இலை ரெண்டைக் கிள்ளிப்போட்டு ஈர மணலிலயோ தண்ணிப் போத்திலிலயோ நிழலில வைச்சா சில கிழமையில வேர் விடும். வெறும் கையால வெட்ட வேண்டாம், ஐவிச் சாறு சிலருக்குத் தோலில கடியும் சிவப்பும் குடுக்கும்.

கேள்வி (சாவகச்சேரியில இருந்து ஒரு ரீச்சர்): ஐவி மதிலை வெடிக்க வைக்குமோ? அம்மப்பாவின்ர காலத்துச் சுண்ணாம்புக் கல் மதில் ஒண்டு, புதுசாக் கட்டின புளொக் மதில் ஒண்டு, ரெண்டையும் பச்சையா மூட ஆசை. என்ன வாங்க?

பதில்: ரீச்சர், உங்கட இடத்துக்கு இங்கிலிஷ் ஐவியை மறந்திடுங்கோ, மேல அக்கா பட்ட பாட்டை வாசிச்சிருப்பீங்கள். சுவரில ஒட்டி எங்கட வெக்கையையும் தாங்கிறது பைகஸ் பூமிலா எண்டுற கொடி. சின்னச் சின்ன இலை, தண்டில இருந்து குட்டி வேர் விட்டு பசை ஒட்டின மாதிரி சுவரோட படுத்துப் போகும். ஐவி எண்டு கேட்டா இதைத் தூக்கித் தாற நேசறியளும் இருக்கு, அந்தப் பிழை உங்களுக்கு நன்மைதான்.

ஆனா கவனம், இது ஆலும் அரசும் சேந்த அதே குடும்பம். அரசங்கண்டு ஒண்டு கோயில் கோபுரத்து வெடிப்பில நிண்டு என்ன செய்யும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பூமிலா அவ்வளவு பொல்லாதது இல்லை, ஆனாலும் அம்மப்பாவின்ர மதிலில ஏத்தாதேங்கோ. பழைய சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்து வெடிப்பு விட்டிருக்கும், வேர் அதுக்க தலையை விட்டா பிறகு கொடியை இழுக்கேக்க கல்லும் சேந்து வரும். பழைய மதிலுக்கு முன்னால ஒரு அடி தள்ளிக் கம்பி வலை அடிச்சு அதில ஏதாவது படர விடுங்கோ.

புளொக் மதில் வடிவாப் பூசியிருந்தா பயமில்லை. பெயின்ற் போகும், கொடியைப் பிய்ச்சாலும் வேர்த் தடம் பூரான் ஊர்ந்த மாதிரி நிக்கும், அது உங்களுக்குச் சம்மதமெண்டா வையுங்கோ. முதல் வருசம் ஒண்டும் நடக்காத மாதிரி இருக்கும், ஏமாத்திப் போட்டாங்கள் எண்டு திட்டாதேங்கோ, வேர் பிடிச்சாப் பிறகுதான் ஓடும். ஓடத் தொடங்கினா வருசத்துக்கு ரெண்டு தரமாவது கத்தரிக்க வேணும். விட்டா தண்டு தடிச்சு, மதிலை விட்டு வெளியில நீட்டி, பெரிய இலையும் அத்திக்காய் மாதிரிக் காயுமா வேற மரம் போல வந்திடும். அயல் வீட்டுப் பக்கம் எட்டிப் பாத்தா அதுவும் ஒரு வழக்கு.

வாங்கேக்க உயரத்தைப் பாக்காதேங்கோ. சாடியைச் சரிச்சு அடியைப் பாருங்கோ, ஓட்டையால வேர் சுத்திச் சுத்தி வெளியில வந்திருந்தா அது கன நாள் கிடந்த கண்டு. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கோ. பேரைத் தாவரப் பேரோட துண்டில எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ, எழுதித் தராத கடையில ஒரு சாடிக்கு மேல வாங்காதேங்கோ.

கேள்வி (உரும்பிராய்): டெவில்ஸ் ஐவி எண்டு 900 ரூபாய்க்கு வித்ததை வாங்கி வந்தா, மாமி அது மணி பிளான்ட் எண்டு சிரிக்கிறா. ஆர் சரி?

பதில்: மாமிதான் சரி. ரெண்டும் ஒரே கொடி, ஐவிக்கும் அதுக்கும் ஒரு சொந்தமும் இல்லை. பேர் பொய்யில்லை, அதால முறைப்பாட்டுக்கும் இடமில்லை, விலைதான் அநியாயம். மாமியிட்ட ஒரு துண்டு கேட்டிருந்தா சும்மா கிடைச்சிருக்கும். வீட்டில தவழுற குழந்தையோ நாய்க்குட்டியோ இருந்தா எட்டாத உயரத்தில வையுங்கோ, கடிச்சா வாயும் நாக்கும் எரிஞ்சு வீங்கும்.

கேள்வி (அச்சுவேலியில இருந்து ஒரு அம்மா): தம்பி, மகள் கனடாவில இருந்து போனில ஓடர் பண்ணி ஒரு கண்டு அனுப்புவிச்சவ, "ஐவி கோர்ட்" எண்டு ஒட்டியிருக்கு. மதிலில ஒட்டுது இல்லை, சுருள் விட்டு உடுப்புக் கொடியைப் பிடிச்சுக்கொண்டு போகுது. வெள்ளைப் பூவும் பூக்குது. இது என்ன ஐவி?

பதில்: அம்மா, அது கொவ்வை. உங்கட ஒழுங்கை வேலியில தேடிப் பாத்தா நாலு கொடி கிடக்கும். இலை ஐவி மாதிரி இருக்கிறதால வெள்ளைக்காரர் வைச்ச பேர் அது. கடைக்காரரில பிழை சொல்ல ஏலாது, மகள் கேட்டதைத்தான் அனுப்பியிருக்கினம்.

பிடுங்கிப் போடாதேங்கோ, ஆனா பூவுக்கு அடியைப் பாருங்கோ. கொவ்வையில ஆண் கொடி வேற, பெண் கொடி வேற. பூவுக்குக் கீழ குட்டிக் காய் மாதிரித் தடிப்பா இருந்தா பெண் கொடி, கறிக்குக் காய் வரும், ஒரு பந்தல் போட்டு விடுங்கோ. வெறும் காம்பு மட்டும் எண்டா ஆண், காய் வராது, இலையைச் சுண்டலாம். மகள் கேட்டா ஐவி நல்லா வந்திருக்கு எண்டு சொல்லுங்கோ.