பஞ்சு இருந்தும் தரை ஏன் ஜில்லென்கிறது?

கேள்வி: எங்கள் மாடி அறை, கீழ்ச்சுவரைத் தாண்டி 60 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மரச்சட்டங்கள் மேல் பிளைவுட் தரை, அடியில் திறந்தவெளி. சட்டங்களுக்கு நடுவே கிளாஸ் உல் (கண்ணாடி இழைப் பஞ்சு) வைத்துப் பலகை அடித்திருக்கிறார்கள். அப்படியும் குளிர்காலத்தில் அந்த ஓரத்தில் கால் வைக்க முடியவில்லை. இன்னும் கனமான பஞ்சாக மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். கட்டட வேலையில் இதே புகாரை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பஞ்சின் கனம் காரணமில்லை, காற்றுதான். கிளாஸ் உல் தனக்குள் அசையாமல் நிற்கும் காற்றால்தான் குளிரைத் தடுக்கிறது. காற்று ஊடுருவி ஓடினால், எவ்வளவு கனமாக இருந்தும் பயனில்லை.

முதலில் அடிப்பலகையைக் கழற்றிப் பஞ்சை உருவிப் பாருங்கள். அதில் சாம்பல் நிறத்தில் அழுக்குக் கோடுகள் இருந்தால், அந்த வழியாகக் காற்று போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பஞ்சு தூசியை வடிகட்டி வைத்திருக்கிறது. அடுத்து, கீழ்ச்சுவரின் தலைக்கு நேர் மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் அங்கே அடைப்பு இருக்கிறதா? பல வீடுகளில் இருக்காது. அடிப்பலகை இடுக்கில் நுழையும் குளிர்காற்று அந்த ஓட்டை வழியே கீழறைக் கூரைக்கும் மாடித் தரைக்கும் நடுவே நெடுந்தூரம் போய்விடும். நீட்டிய ஓரம் மட்டுமல்லாமல் அறையின் உட்பக்கமும் சில்லிடுவது இதனால்தான்.

அந்த ஓட்டைகளுக்கு அளவாகக் கெட்டியான ஃபோம் பலகையை வெட்டிச் செருகி, சுற்றிலும் ஸ்ப்ரே ஃபோமால் அடையுங்கள். வெளிமுனைப் பலகையின் இடுக்குகள், பிளைவுட் இணைப்புகள், குழாய் நுழையும் துளைகள் எல்லாவற்றையும் அப்படியே அடைக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் பலன் முழுக்க இதில்தான் இருக்கிறது.

அப்புறம் பஞ்சு. அது பிளைவுட்டின் அடியை ஒட்டி இருக்க வேண்டும். 200 மி.மீ. ஆழத்தில் 100 மி.மீ. பஞ்சைக் கீழே கிடத்தி, மேலே வெற்றிடம் விட்டால் அங்கே காற்று சுழன்று தரையைக் குளிரவைக்கும். ஆழம் முழுவதையும் நிரப்புங்கள். அதற்காகத் திணித்து நசுக்க வேண்டாம். பஞ்சைவிட மரம் மூன்று மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். அதனால் சட்டங்களுக்கு அடியில் 25 முதல் 50 மி.மீ. ஃபோம் பலகையை விரித்து, இணைப்புகளில் டேப் ஒட்டி, பிறகு வெளிப்பலகையை அடியுங்கள். தண்ணீர்க் குழாய் அந்த வழியாகப் போனால் அது பஞ்சுக்கு மேலே, தரைப்பக்கம் இருக்கட்டும். பிவிசி உறையுள்ள மின்கம்பி தெர்மாகோலைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாளடைவில் உறை கெட்டியாகி விரிசல் விட்டுவிடும்.

ஈரத்தைத் தடுக்கப் பாலித்தீன் தாள் விரிக்கச் சொல்வார்கள். குளிர் நாட்டில் அதை அடியில் விரிக்கக் கூடாது. அறையிலிருந்து இறங்கும் ஈரம் அதில் பட்டு நீராகிச் சட்டத்தை உளுக்கவைக்கும். பிளைவுட்டே அந்த ஈரத்தை ஓரளவு தடுக்கும். வெக்கையும் புழுக்கமும் உள்ள ஊரில் ஏசி ஓடும் அறையென்றால் கணக்கு தலைகீழ். அங்கே ஈரம் வெளியிலிருந்து வரும், தடுப்பும் வெளிப்பக்கம்தான்.

பலகையை மூடும் முன், காற்று வீசும் நாளில் அறைக்குள் சுவரோரம் தரையருகே ஊதுபத்தி பிடித்துப் பாருங்கள். புகை நேராக எழாமல் சாய்ந்தால், அங்கே இன்னும் ஒரு இடுக்கு பாக்கி இருக்கிறது.